பேச்சு முடியும் முன் அடுப்பேற்றிய கோழி

கோழிக்கறியில் திராட்சையைப் போடலாம் என்பதை இந்தக் கம்பம் பக்கத்தில் முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். இதை நான் எங்கே சொன்னாலும், என் மனைவி பக்கத்தில் இருந்தால், "ஆமா, ஏரோப்ளானையும் இவுகதான் கண்டுபிடிச்சாக" என்பாள். சொல்லட்டும். அவளும் அந்தக் கறியைத்தான் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுகிறாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதற்கு மேல் பள்ளிக்கூடம் எனக்குத் தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்துக்கும் நான் தேவைப்படவில்லை. விடியும் முன்னே ஜீப்பில் தொற்றிக்கொண்டு மலையேறி ஏலத்தோட்டத்தில் களை வெட்டினேன். பிறகு கீழே திராட்சைத் தோட்டங்களில் பெட்டி சுமந்தேன். கொடியைக் கழித்துவிடுகிற கவாத்து வெட்டக் கற்றுக்கொண்டேன். குத்தகைக்கு எடுத்தேன். கடைசியில் சுருளிப்பட்டி பக்கம் சொந்தமாகவே வாங்கினேன். பந்தலுக்குக் கல்லுக்கால் ஊன்றும்போது ஒவ்வொரு குழிக்கும் பக்கத்தில் நானே நின்று மண்ணை மிதித்து இறுக்கினேன். இன்றுவரை ஒரு கால் சாயவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கால்கள் எப்படி நிற்கின்றன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ரோட்டில் போகிறவர்களுக்கே தெரியும்.

கோழிக் கதை, பெட்டி சுமந்த காலத்தில் ஆரம்பித்தது. பெட்டியில் அடுக்கும்போது கொத்திலிருந்து உதிர்கிற பழத்தை வியாபாரி எடுக்கமாட்டார். தோல் கிழிந்து சாறு கசிந்து கிடக்கும். அதை நாங்கள் அள்ளிக்கொண்டு போவோம். தின்று தின்று வாய் கூசிப்போகும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட வேலை பார்த்த ஒருத்தன் ஒரு கோழி கொண்டுவந்தான். தக்காளி இல்லை, புளி இல்லை. மிளகாய் வற்றலும் ஒரு சட்டி உதிரிப் பழமும்தான் இருந்தன. பன்னீர் திராட்சையில் தோலுக்குள் புளிப்பு இருக்கும், சதைக்குள் இனிப்பு இருக்கும். ஒரே பழம் புளிக்குப் புளியாச்சு, வெல்லத்துக்கு வெல்லமாச்சு என்று எனக்குத் தோன்றியது. வேகவைத்துப் பிசைந்து, கொட்டையை வடிகட்டிக் குழம்பில் ஊற்றினேன். சுற்றி இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். சாப்பிட்டு முடித்ததும், "அடுத்த ஞாயித்துக்கிழம எப்ப வரும்" என்று கேட்டார்கள்.

இப்போது அதைப் பக்குவமாகவே செய்கிறேன். நாட்டுக்கோழி, அதுவும் இன்னும் முட்டையிடாத இளங்கோழி. நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் நன்றாகச் சிவக்க வேண்டும். மிளகாய் வற்றல், மல்லி, மிளகு, சோம்பு எல்லாவற்றையும் நானே வறுத்து அரைப்பேன். கடைப் பொடியை என் அடுப்பில் சேர்ப்பதில்லை. ஏலக்காய் ஒன்றோ இரண்டோ போதும், அதற்கு மேல் போட்டால் பாயசத்தில் கோழி நீந்தியது போல் ஆகிவிடும். கறி முக்கால் பாகம் வெந்த பிறகுதான் திராட்சைச் சாறு ஊற்ற வேண்டும். கூடவே கருப்பட்டி ஒரு சிறு துண்டு. அதற்குப் பிறகு தீயைக் குறைத்து, கரண்டியை விடாமல் பிடித்திருக்க வேண்டும். இனிப்புச் சேர்ந்த குழம்பு, ஆள் அந்தப் பக்கம் திரும்பியதும் அடிப்பிடித்துவிடும். இறக்கும்போது முழுப்பழம் ஒரு கை போட்டு மூடிவைப்பேன். கொட்டை வாயில் வந்தால் துப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தக் குழம்பைச் சோற்றில் பிசைந்து வாயில் வைத்தால் முதலில் இனிப்புதான் தெரியும். காரம் விழுங்கின பிறகுதான் வரும். வந்தால் லேசில் போகாது. புதிதாகச் சாப்பிடுகிறவர்கள் முதல் கவளத்தில் தலையாட்டுவார்கள், இரண்டாவது கவளத்தில் தண்ணீர் தேடுவார்கள். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

எனக்கு ஒரே மகள். தேனியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அதே இடத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னாள். அம்மா ஒரு நல்ல நேரம் பார்த்து, நான் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தபோது என்னிடம் சொன்னாள்.

"இந்த எடம் அமையலேன்னா வேற எடமே பாக்க வேணாம்கிறா" என்றாள்.

"அப்படின்னா?"

"அப்படின்னா அப்படித்தான். ஒங்க மகதான? சொன்னா சொன்னதுதான்."

எனக்குக் கோபம் வரவில்லை. அந்தப் பிடிவாதம் என்னிடமிருந்து அவளுக்குப் போனது என்பதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. விசாரித்தேன். அனுமந்தன்பட்டிக் குடும்பம். பையனின் அப்பா தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பையனும் ஒரே பிள்ளை. ஒருத்தரும் குறை சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பெற்றவர்கள் இருவரும் பெண் கேட்டு வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பையன் வரவில்லை. அவனும் என் மகளும்தான் தினமும் பார்த்துக்கொள்கிறவர்கள் ஆயிற்றே.

எங்கள் பக்கத்தில் பெண் கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. காபி குடிப்பார்கள். இனிப்பும் காரமும் எடுத்துக்கொள்வார்கள். பேச்சு முடிந்து இரண்டு பக்கமும் சரி என்று சொல்லாமல் அந்த வீட்டில் சோறு சாப்பிடமாட்டார்கள். அதிலும் கறியைத் தொடவே மாட்டார்கள். கறி சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்ட பிறகு வேண்டாம் என்று போனால், அந்தப் பேச்சு பெண்ணின் பின்னாலேயே வரும். "அந்த வீட்ல கறி தின்னுட்டு எந்திரிச்சுப் போனாகளாமே, என்ன குறையோ" என்று அடுத்து வருகிறவன் கேட்பான். அதனால் நல்ல குடும்பத்துக்காரர்கள் இதில் கவனமாக இருப்பார்கள்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் அன்றைக்குக் காலையில் கோழியை அடுப்பில் ஏற்றினேன். என் கணக்கு இதுதான். வருவார்கள், வீட்டைப் பார்ப்பார்கள், தோட்டத்தைப் பார்ப்பார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு முடியும். அப்படியே இலையைப் போட்டுச் சாப்பிட வைத்துவிட வேண்டும். நாளைத் தள்ளிப்போடுகிற பழக்கம் என்னிடம் கிடையாது.

என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "பேச்சு முடியாம கறி வைக்காதீக. வாசன தெருவரைக்கும் போகும். வர்றவுக என்ன நெனைப்பாக?"

"நல்லா வைக்கிறான்னு நெனைப்பாக."

"கறிய வச்சு அமுக்கப் பாக்குறான்னு நெனைப்பாக."

"இந்தத் தோட்டத்தப் பாத்துட்டு எவன் வேணாம்னு சொல்லுவான்?"

"தோட்டத்தையா கட்டிக்கப் போறான்?" என்று கேட்டுவிட்டு, வெங்காயத் தட்டை என் பக்கம் தள்ளினாள். மகள் அங்கேதான் நின்று அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.  அன்றைக்குக் காலையிலிருந்தே அவள் பேசவில்லை. அப்பா ஏதாவது பேசிக் கெடுத்துவிடக்கூடாது என்கிற பயம் அவள் முகத்தில் இருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், அது கல்யாணப் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் வந்தபோது கறி முக்கால் வெந்து, நான் திராட்சைச் சாற்றை ஊற்றியிருந்தேன். "இந்தா, கரண்டிய விடாம கிண்டு" என்று மகளிடம் கொடுத்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டு வெளியே போனேன்.

பையனின் அப்பா மெலிந்த மனிதர். எதையும் உடனே சொல்லிவிடமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டுவார், பிறகு ஒரு வார்த்தை சொல்வார். அந்த அம்மா அப்படி இல்லை. வாசலிலேயே, "என்னண்ணே, கொடி இப்படிக் காச்சிருக்கு" என்று கேட்டுவிட்டார். அண்ணே என்ற ஒரு சொல்லில் எனக்கு மனம் நிறைந்துவிட்டது. பந்தலுக்குள் கூட்டிப்போய்க் காட்டினேன். கல்லுக்கால் கதையைச் சொன்னேன். சொட்டுநீர்க் குழாயைத் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

உள்ளே வந்து உட்கார்ந்தோம். நான் கட்டிய வீட்டில் அடுப்படிக்குக் கதவு கிடையாது. கூடத்தில் உட்கார்ந்தால் அடுப்பு நேராகத் தெரியும். வருகிறவர்கள் அடுப்பு வைத்த பளிங்கு மேடையைப் பார்க்க வேண்டும் என்றுதான் அப்படிக் கட்டினேன். காபி வந்தது. மிக்சரும் மைசூர்பாகும் வந்தன. என் மனைவி அந்த அம்மாவை மதினி என்று கூப்பிட, அவர் என் மனைவியின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் நான் பேசினேன்.

"மாப்பிள்ள அந்தக் கம்ப்யூட்டர் முன்னால ஒக்காந்து கண்ணக் கெடுத்துக்க வேணாம். கல்யாணம் முடிஞ்சதும் வேலைய விட்டுட்டு இங்கன வந்துரட்டும். வெவசாயத்த நான் சொல்லித் தர்றேன். இம்புட்டும் யாருக்கு? அவுகளுக்குத்தான" என்றேன்.

நான் பெரிய பரிசு கொடுப்பதாக நினைத்துத்தான் சொன்னேன். என் அப்பா எனக்கு ஒரு கூடைகூட விட்டுப் போகவில்லை. யாராவது என்னிடம் அந்த வயதில் இப்படி ஒரு தோட்டத்தைக் காட்டி, இது உனக்கு என்று சொல்லியிருந்தால் விழுந்து கும்பிட்டிருப்பேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டார்.

"எங்களுக்கு இருக்கிறது ஒரே பையன்" என்றார்.

"எங்களுக்கும் ஒரே பொண்ணுதான."

"அவன் படிச்ச படிப்பு அவனுக்குப் பிடிச்சுப் படிச்சது. வீட்டோட மாப்பிள்ளையா அனுப்பணும்னு நாங்க நெனைக்கலை."

"வீட்டோடன்னு யாரு சொன்னா? தோட்டத்தோட."

இதைச் சொல்லிவிட்டு நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி குனிந்து மிக்சர் தட்டை நேராக வைத்தாள். கோபம் வந்தால் அவள் கையில் கிடைத்ததை நேராக வைப்பாள்.

அவர் எழுந்தார். "சரி. நாங்க போயி கலந்து பேசிட்டு, சொல்லி அனுப்புறோம்" என்றார்.

எங்கள் ஊரில் இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்தவர்கள் சொல்லி அனுப்புவதில்லை. நான் அடுப்படிப் பக்கம் பார்த்தேன். மகள் கரண்டியைச் சட்டிக்குள் பிடித்தபடி நின்றிருந்தாள். கிண்டவில்லை. கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குப் பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

அப்போது வாசனை மாறியது. இனிப்பு முறுகி, கருகலுக்குப் போகிற வாசனை. எனக்கு மூக்கில் ஏறியது. ஆனால் விருந்தாளி எழுந்து நிற்கும்போது அடுப்பைப் பார்க்க ஓடுவது எப்படி? கையைக் கூப்புவதா கையைக் காட்டுவதா என்று தெரியாமல் நின்றேன்.

அந்த அம்மா கூப்பின கையை இறக்கிவிட்டு, "ஏ ஆத்தா, அடிப்பிடிக்குது" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

போன வேகத்தில் அடுப்பை அணைத்தார். மகளின் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். "அடியச் சொரண்டிராத, கசப்பு ஏறிரும். வேற ஏனம் குடு" என்றார். மகள் ஒரு பெரிய பாத்திரத்தை எடுத்து நீட்டினாள். அடியில் பிடித்ததைத் தொடாமல், மேலாக இருந்த கறியையும் குழம்பையும் அதில் சாய்த்தார். கெட்டிலில் இருந்த சூடான தண்ணீரைக் கொஞ்சம் விட்டார். மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்து, சிறு தீயில் வைத்து, ஒரு சுற்றுக் கிண்டினார். வேலை செய்கிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கை யாருடைய அடுப்பு என்று பார்க்கவில்லை. பிறகு கரண்டி நுனியால் ஒரு சொட்டுக் குழம்பை உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்தார். உப்பு டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டார். கலக்கிவிட்டு இன்னொரு சொட்டு விட்டு நக்கினார். தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகுதான் அப்படியே நின்றுவிட்டார். கை பாதியில் நின்றது.

நான் பார்த்தேன். என் மனைவி பார்த்தாள். அவர் வீட்டுக்காரரும் பார்த்தார்.

"என்ன பண்ணிட்ட?" என்று அவர் மெதுவாகக் கேட்டார்.

"ருசி பாத்துட்டேன்."

"கறியவா?"

"கறியத் தொடல. குழம்பு மட்டும்."

"ஒரு தடவையா?"

"உப்புப் போட்டுட்டு இன்னொரு தடவ."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

என் மனைவி சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். "அது ஒண்ணுமில்ல மதினி. அடிப்பிடிச்சதக் காப்பாத்துனீக, அவ்வளவுதான். நாங்க யாருட்டயும் வாயத் தெறக்க மாட்டோம். இது கணக்குல வராது" என்றாள். அப்படி அவள் சொன்னது அந்தப் பெண்மணிக்காக மட்டும் இல்லை. நாளைக்கு நம் பெண்ணின் பின்னால் பேச்சு வரக்கூடாது என்பதற்காகவும்தான். அந்த நேரத்தில் அவளுக்கு இருந்த புத்தி எனக்கு இல்லை.

"யாருட்டயும் சொல்ல வேணாம் மதினி. எனக்குத் தெரியும்ல" என்றார் அந்த அம்மா. குழாயைத் திறந்து கையைக் கழுவப் போனவர், கழுவாமல் மூடினார். "சத்துணவுல பிள்ளைகளுக்குப் போடுறதுக்கு முந்தி நாங்க தின்னு பாக்கணும். எங்களுக்கு ஏதும் ஆகலேன்னாத்தான் பிள்ளைகளுக்குப் போடணும். அப்படியே கை பழகிருச்சு. சட்டி கொதிச்சா கை போயிருது. யாரு வீடுன்னு தெரியல."

"பழக்க தோசம். விடு, கெளம்புவோம்" என்றார் வீட்டுக்காரர்.

"ருசி பாத்துட்டு ஒருநாளும் நான் சட்டிய மூடிட்டு வீட்டுக்குப் போனதில்ல. ருசி பாத்தா பரிமாறணும்."

"அதுக்காக? ஒரு சொட்டுக் குழம்புல பையன் வாழ்க்கைய முடிவு பண்றதா?"

"நான் முடிவு பண்ணல. கேக்கவாவது செய்வோம்ல. இவ்வளவு நேரம் நீங்க ரெண்டு பேரும் பேசுனீக. இந்தப் பிள்ளைய ஒரு வார்த்த கேட்டீகளா?"

அந்த அம்மா என் மகளின் பக்கம் திரும்பினார். இருவரும் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார்கள். பாத்திரத்தில் குழம்பு மெதுவாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"ஆத்தா, நீ சொல்லு. என் மகன இங்கன கூட்டிட்டு வந்து இந்தக் கொடிக்கு மருந்தடிக்க வைக்கப்போறியா?"

மகள் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு பார்வையை எடுத்துவிட்டாள். "இல்லத்தே. நாங்க தேனியிலதான் இருப்போம். அப்படித்தான் பேசி வச்சிருக்கோம்" என்றாள். கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அவரு ஒருக்கா இந்தப் பக்கம் வண்டியில வந்தாரு. மருந்து வாசனைக்கே கம்பம் போற வரைக்கும் தும்முனாரு" என்றாள்.

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "அவன் தாளிப்பு வாசனைக்கே தும்முவான்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. பேசி வச்சிருக்கோம் என்ற அந்த வார்த்தை என்னைப் பிடித்து நிறுத்தியது. கல்லுக்காலில் கம்பி இழுக்கிற வேலை எல்லாம் முடிந்த பிறகு, இந்தப் பந்தலுக்கு அடியில் கொடி வைக்கப்போவதில்லை என்று ஒருத்தர் சொன்னது போல் இருந்தது. இந்தத் தோட்டத்தை நான் என் மகளுக்காக உண்டாக்கினேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்வேன். உண்மையில் எனக்குப் பிறகும் என்னைப் போலவே ஒருவன் அங்கே நின்று, கவாத்து வெட்டி, பழத்தைத் தூக்கிப் பார்த்து, ஆட்களை அதட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன். அவள் யாரைக் கட்டினாலும் அவன் அப்படி ஆகிவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் அப்படி ஒருவனைத் தேடவில்லை. அவள் தேடிக்கொண்டவன் தும்முகிறான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பையனின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்கு வேண்டியது ஒரு வார்த்தைதான். அது தெளிவாகத் தெரிந்தது. அந்த வார்த்தை என்னிடம்தான் இருந்தது. வேறு யாரும் அதைச் சொல்ல முடியாது. நான் அதைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் கிளம்புவார்கள். அந்த அம்மா உள்ளங்கையில் விட்ட இரண்டு சொட்டு அவர் மனதில் வாழ்நாள் முழுதும் இருக்கும். என் மகள் வேறு இடம் பார்க்கமாட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பேரம் பேசுவதில் என்னை இந்தப் பக்கத்தில் யாரும் ஜெயித்ததில்லை. வியாபாரி எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் கடைசி வார்த்தை என்னுடையதாகத்தான் இருக்கும். அன்றைக்கும் கடைசி வார்த்தை என்னுடையதுதான். 

"மாப்பிள்ள அவுக வேலையப் பாக்கட்டும்" என்றேன். "தோட்டத்த நான் பாத்துக்கிறேன். என்னால முடியிற வரைக்கும் நான். அப்புறம் அதுபாட்டுக்கு என்னமோ ஆகட்டும். அவுக தேனியில இருக்கட்டும். இதுல இனி நான் ஒரு பேச்சுப் பேசமாட்டேன்."

"சத்தியமா?" என்று கேட்டது என் மனைவி. மற்றவர்களுக்கு முன்னால் கேட்டாள்.

"அட, சத்தியமாத்தான்."

"இவுக பேசமாட்டேன்னு சொல்றதுக்கு நீங்க எல்லாரும் சாட்சி" என்றாள் அவள்.

பையனின் அப்பா உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்தார். வாசலுக்குப் போகவில்லை. சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு, "தண்ணி எங்கன இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். குழாயைக் காட்டினேன். கை கழுவிக்கொண்டே, "மொதல்லயே இப்படிச் சொல்லியிருந்தா கறி அடிப்பிடிச்சிருக்காது சம்பந்தி" என்றார்.

இலை போட்டோம். முறைப்படி அன்றைக்குப் பெண் பரிமாறக் கூடாது என்று என் மனைவி ஆரம்பித்தாள். அந்த அம்மா கேட்கவில்லை. கரண்டியை மகள் கையில் கொடுத்துவிட்டு, தான் சோற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டார். "நானும் நீயும்தான காப்பாத்துனோம். நாமளே வைப்போம்" என்றார்.

பையனின் அப்பா முதல் கவளத்துக்குத் தலையாட்டினார். இரண்டாவது கவளத்தில் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். மூன்றாவதில் எதையோ கடித்து, இலை ஓரத்தில் துப்பிவிட்டு, குனிந்து பார்த்தார்.

"என்னது இது, கறியில கொட்ட?"

"திராச்ச" என்றேன். "இந்தப் பக்கத்துல இத மொதல்ல கண்டுபிடிச்சது நான்தான்."

"அடுத்து ஏரோப்ளான் வரும், பாருங்க" என்றாள் என் மனைவி.

கறி கொஞ்சம் புகை வாசனையோடுதான் இருந்தது. எவ்வளவு பக்குவமாக மாற்றினாலும் அடிப்பிடித்த வாசனை லேசாகத் தங்கும். உப்பு மட்டும் சரியாக இருந்தது. நான் போட்டிருந்தால் கொஞ்சம் கம்மியாகத்தான் போட்டிருப்பேன் என்று இப்போது ஒத்துக்கொள்கிறேன். அதை அன்றைக்குச் சொல்லவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்க முடியாது.

பரிமாறிவிட்டு அந்த அம்மாவும் சாப்பிட உட்கார்ந்தார், பாதிச் சாப்பாட்டில் அவர் போன் அடித்தது. இடது கையால் எடுத்துக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் பையன். காலையிலிருந்து தேனியில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான் போலிருக்கிறது. என்ன ஆச்சு, என்ன சொன்னாக என்று அவன் கேட்டிருக்க வேண்டும். அந்த அம்மா பேச்சு எப்படிப் போனது என்று ஒன்றும் சொல்லவில்லை. நான் தோட்டத்தைப் பற்றிப் பேசியதையும் சொல்லவில்லை.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்பா" என்றார்.

 அவன் ஏதோ கேட்டான்.

"கோழிக்கறிதான்" என்றார் அவர்.

 அந்த அம்மா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, என் மகளிடம் நீட்டினார். "பேசு. அழுகுறான்னு நெனைக்கிறேன். காரம் கூடன்னு சொல்லிராத, வரமாட்டான்" என்றார்.

மகள் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டு பந்தல் பக்கம் போனாள். நான் எழுந்து, அந்த அம்மாவின் இலையில் இன்னும் இரண்டு துண்டு வைத்தேன்.